மந்திரவாதிக்கு மூளை வந்தால்: பால்டர்ஸ் கேட் 2-இல் எஸ்சிஎஸ் சண்டைகள்

பழைய ஆர்பிஜி கேம்களைப் பத்திப் பேசினாலே எனக்கு ஒரு கேள்வி தவறாம வரும். "பால்டர்ஸ் கேட் 2 நல்லாத்தான் போயிட்டிருந்தது. எஸ்சிஎஸ்னு ஒரு மோட் போட்டேன். இப்போ சத்திரத்து மாடியில நிக்கிற ஒரு சின்ன கும்பல்கிட்டயே அடி வாங்கிச் சாகிறேன். என் பார்ட்டியில என்ன குறை?"

பார்ட்டியில குறை எதுவும் இல்லை. மாறினது எதிரிதான். அவன் என்ன மாறியிருக்கான், அவனை எந்த வரிசையில உரிக்கணும், அதைத்தான் இந்த எபிசோடில் பேசப் போறோம்.

2023-இல் வந்த மூணாவது பாகத்தை மட்டும் விளையாடினவங்களுக்காக ரெண்டு வரி. பால்டர்ஸ் கேட் 2 பயோவேர் உருவாக்கி 2000-இல் வெளிவந்த கேம். 2013-இல் பீம்டாக் அதை என்ஹான்ஸ்டு எடிஷனா மறுபடி கொண்டுவந்தாங்க. இங்கே சண்டை முறை வச்சு நடக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் அடிச்சுக்குவாங்க, நாம ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி உத்தரவு கொடுக்கலாம். ஒரு ரவுண்டுன்னா நிஜ நேரத்தில் 6 விநாடி. இந்த 6 விநாடியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி கணக்குப் போடத் தேவைப்படும்.

மோட் இல்லாத ஒரிஜினல் கேமில் எதிரி மேஜ் என்ன செய்வான்? (ஒரு சின்ன இடைச்செருகல். 'மேஜ்'னு சொல்லிட்டு தமிழ்ல ஐ விகுதி சேர்த்தா "மேஜை அடி, மேஜை உடை"ன்னு தச்சர் பட்டறை மாதிரி ஆயிடுது. அதனால இனிமே மந்திரவாதின்னே சொல்றேன்.) பெரும்பாலும் நம்மைப் பார்த்த பிறகுதான் முதல் ஸ்பெல்லையே ஆரம்பிப்பான். நாம ஓடிப்போய் ஒரு வெட்டு வெட்டினா ஸ்பெல் கலைஞ்சிடும். அடுத்த வெட்டில் ஆளே காலி. பேர் மட்டும்தான் மகா மந்திரவாதி.

எஸ்சிஎஸ், அதாவது ஸ்வார்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜம்ஸ், இங்கேதான் கை வைக்குது. டேவிட்டபிள்யூங்கிற பெயரில் இயங்குற மோடர் செஞ்சது. எதிரியோட ஹெச்பியை ஊதிப் பெருசாக்குறது இதோட முக்கிய வேலை இல்லை. கேமோட இன்சேன் லெவலை வச்சாலே எதிரி அடிக்கிற அடி இரட்டிப்பாகிடும், அதுக்கு ஒரு மோட் தேவையில்லை. எஸ்சிஎஸ் செய்யுறது வேற: எதிரிக்கு மூளை கொடுக்குது. உங்க மந்திரவாதி என்னென்ன ஸ்பெல்லைப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போவாரோ, அதே ஸ்பெல்களை அவனும் போட்டுக்கிட்டு நிப்பான். நீங்க போஷன் குடிச்சா அவனும் குடிப்பான். ஒருத்தனை அடிச்சா பக்கத்து அறையில இருக்கிறவனைக் கூப்பிடுவான். "ஒவ்வொருத்தரா வெளியே இழுத்துக் கொல்லலாம்"கிற நம்ம பழைய தந்திரம் பாதி அங்கேயே போச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். எஸ்சிஎஸ் மந்திரவாதி மேல மூணு வகைக் கவசம் இருக்கும். மூணுக்கும் சாவி வேற வேற. இது புரியாததால்தான் பலரும் சாகிறாங்க.

முதல் வகை கண்கட்டு. மிரர் இமேஜ் போட்டான்னா அவனைச் சுத்தி அவனை மாதிரியே உருவங்கள் நிக்கும், உங்க அடி அந்த உருவங்கள் மேல போகும். இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி அதைவிட மோசம். ஆள் மங்கலாத் தெரிவான், கத்தியால வெட்டலாம், ஆனா அவனைக் குறிவச்சு ஸ்பெல் போட முடியாது.

ரெண்டாவது வகை ஸ்பெல்லைத் தடுக்கிற கவசம். ஸ்பெல் டர்னிங், ஸ்பெல் டிஃப்ளெக்ஷன், ஸ்பெல் டிராப்னு ஒரு குடும்பம். டர்னிங் நீங்க போட்ட ஸ்பெல்லை உங்களுக்கே திருப்பி அனுப்பும்.

மூணாவது வகை ஆயுதத்தைத் தடுக்கிறது. ஸ்டோன்ஸ்கின் தோலைக் கல்லாக்கும், ஒரு அடிக்கு ஒரு படலம் உதிரும். புரொடெக்ஷன் ஃபிரம் மேஜிக்கல் வெப்பன்ஸ் இருந்தா மந்திர ஆயுதம் எதுவுமே ஏறாது. நீங்க பத்து மணி நேரம் அலைஞ்சு சம்பாதிச்ச பிளஸ் 3 வாள் அவன் மேல பட்டா சும்மா உரசிட்டுப் போகும்.

இப்போ ப்ரீச்னு ஒரு ஸ்பெல் இருக்கு, அஞ்சாம் லெவல். இந்த மூணாவது வகையை மொத்தமா ஒரே வீச்சில் உருவி எடுத்துடும். ஸ்டோன்ஸ்கின், மேண்டில், புரொடெக்ஷன் எல்லாம் போயிடும். எஸ்சிஎஸ் விளையாடுறவங்களுக்கு இதைவிட முக்கியமான ஸ்பெல் கிடையாது. ஆனா பிரச்சினை என்னன்னா, இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி இருந்தா ப்ரீச்சைக் குறிவைக்கவே முடியாது. ஸ்பெல் டர்னிங் இருந்தா? எஸ்சிஎஸ்-இல் ப்ரீச்சைச் சீரா நடக்க வைக்கிற ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டா லிச்சுகள் மேலயும் ராக்ஷசர்கள் மேலயும் ப்ரீச் எப்பவும் வேலை செய்யும், ஆனா ஸ்பெல் டர்னிங்கைத் துளைக்காது.

ஆக வரிசை இதுதான்: முதல்ல கண்கட்டைக் கலை, அடுத்து ஸ்பெல் கவசத்தை எடு, அப்புறம் ப்ரீச், கடைசியா வாள். கதவைத் திறந்ததும் நாலு ஃபைட்டரையும் அவன் மேல ஏவுறது இந்த வரிசையைத் தலைகீழாப் பண்றது. அந்த நாலு பேரும் கல்லுத் தோலைக் கொத்திட்டு இருப்பாங்க, அவன் நிதானமா கேயாஸ் ஸ்பெல் போட்டு நாலு பேரையும் குழப்பி ஒருத்தரை ஒருத்தர் வெட்ட விட்டுடுவான்.

கண்கட்டைக் கலைக்க எல்லாரும் சொல்றது ட்ரூ சைட். நல்ல ஸ்பெல்தான். ஆனா எஸ்சிஎஸ் மந்திரவாதிக்கு அதுக்கும் பதில் தெரியும். ஸ்பெல் இம்யூனிட்டியில் டிவினேஷன் வகையைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்குவான், உங்க ட்ரூ சைட் அவனைத் தொடாது. நான் நம்புறது வேற ஒண்ணை: திருடனோட டிடெக்ட் இல்யூஷன் திறமை. ஒரிஜினல் கேமில் இதுக்குப் பாயின்ட் போடுறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். எல்லாரும் பூட்டுத் திறக்கவும் பொறி கண்டுபிடிக்கவும் போட்டுட்டு இதைப் பூஜ்யத்திலேயே விட்டுடுவாங்க. எஸ்சிஎஸ்-இல் இதை 100-க்குக் கொண்டுபோனா, திருடன் சும்மா அந்த மோடில் நின்னாலே ரவுண்டுக்கு ஒருமுறை எதிரியோட கண்கட்டு எல்லாம் உதிரும். அவன் போட்ட ஸ்பெல் இம்யூனிட்டி இதைத் தடுக்காது, ஏன்னா இது ஸ்பெல்லே இல்லை. ஸ்பெல் இடமும் செலவாகாது. டர்னிப் கதை சொல்லியே உயிரை எடுக்கிற ஜான் ஜான்சன் மேல பலருக்கும் மரியாதை வந்தது இந்த மோடுக்கு அப்புறம்தான்.

ஸ்பெல் கவசத்தை எடுக்க ஒரு தனி வரிசையே இருக்கு. மூணாம் லெவலில் ஸ்பெல் த்ரஸ்ட், அஞ்சாம் லெவல் வரைக்குமான கவசங்களை மொத்தமா எடுக்கும். அஞ்சில் சீக்ரெட் வேர்டு, எட்டாம் லெவல் வரைக்கும் இருக்கிறதில் ஒண்ணை எடுக்கும். ஏழில் ரூபி ரே, எந்த லெவலா இருந்தாலும் ஒண்ணை எடுக்கும். ஏழிலேயே கெல்பன்ஸ் வார்டிங் விப் இருக்கு. அது மூணு ரவுண்டு தொடர்ந்து ரவுண்டுக்கு ஒண்ணா உரிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க அந்த நேரத்தில் வேற வேலை பார்க்கலாம். எதிராளி ஸ்பெல் ஷீல்டு போட்டிருந்தா உங்க முதல் உரிப்பு அதுலயே வீணாப் போகும். அதனால இந்த வகையில் ரெண்டாவது மனப்பாடம் பண்ணி வச்சிருக்கணும். ஒண்ணு மட்டும் வச்சிருந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சீக்ரெட் வேர்டும் ப்ரீச்சும் போட மந்திரவாதி லெவல் 9 ஆகணும். ரூபி ரேவுக்கு 14. ஆனா அத்கட்லாவில் சந்தைப் பக்கத்துல டென் ஆஃப் த செவன் வேல்ஸ் சத்திரத்து மாடியில நிக்கிற மென்கார் பெபிள்கிரஷர் கும்பல், கேமோட ஆரம்பக் கட்டத்திலேயே உங்களுக்குத் திறந்துதான் இருக்கு. அவங்ககிட்ட மந்திரவாதி இருக்கான். சாவியே கையில இல்லாம பூட்டை எப்படித் திறக்கிறது?

திறக்காதீங்க. காத்திருங்க.

அந்த 6 விநாடிக் கணக்கு இப்போதான் வருது. புரொடெக்ஷன் ஃபிரம் மேஜிக்கல் வெப்பன்ஸ் நிக்கிறது 4 ரவுண்டு. அதாவது 24 விநாடி. அவன் அதைப் போட்டதும் உங்க ஃபைட்டர்களை அவன்கிட்டேருந்து விலக்கி, கல்லுத் தோல் இல்லாத ஆட்கள் மேல விடுங்க. அவங்க கூட வந்த பூசாரியும் திருடனும் சாதாரண மனுஷங்கதான், வெட்டினா ரத்தம் வரும். உங்க மந்திரவாதி படிக்கட்டுப் பக்கம், அவன் பார்வைக்குப் படாத மூலையில நிக்கட்டும். பார்வையில இல்லாதவங்க மேல அவனால குறிவச்சு ஸ்பெல் போட முடியாது. 24 விநாடி கழிச்சு அந்தக் கவசம் போயிடும், மிச்சம் ஸ்டோன்ஸ்கின்தான். அதுக்கு 'அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்' கதைதான். அடியோட பலம் முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். பெரிய ரெண்டு கைச் சம்மட்டி அடிச்சாலும் ஒரு படலம்தான், ஒரு டார்ட் பட்டாலும் ஒரு படலம்தான். டார்ட் வீசுறவர் ரவுண்டுக்கு மூணு வீசுவார். அதனால பையில ஒரு கட்டு டார்ட் வச்சுக்கோங்க.

இன்னொரு சின்னத் தந்திரம். மந்திர ஆயுதத்தைத் தடுக்கிற கவசம் சாதாரண ஆயுதத்தைத் தடுக்காது. யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு மந்திரமும் ஏறாத வெறும் வில் அம்போ, கடையில வாங்கின வெறும் கதையோ இருந்தா அந்த 24 விநாடியிலயும் கல்லுத் தோலை உரிச்சுக்கிட்டே இருக்கலாம். சில மந்திரவாதிகள் சாதாரண ஆயுதத்துக்கும் தனியாக் கவசம் போட்டிருப்பாங்க. அப்போ பேசாம விலகிடறதுதான் ஒரே வழி.

கல்லுத் தோல் கத்தியைத்தான் தடுக்கும், நெருப்பையும் அமிலத்தையும் பூச்சிக்கடியையும் தடுக்காது. அதனால ட்ரூயிட் போடுற இன்செக்ட் பிளேக் ரொம்ப காலமா மந்திரவாதிகளுக்கு எமனா இருந்தது. பூச்சி கடிச்சுக்கிட்டே இருந்தா ஸ்பெல்லை முடிக்கவே முடியாது. எஸ்சிஎஸ்-இல் இதைக் கொஞ்சம் பலவீனமாக்கி, ஃபயர் ஷீல்டு இருந்தா பூச்சி அண்டாத மாதிரி மாத்துற ஒரு ஆப்ஷன் இருக்கு. அதே மாதிரி இன்க்விசிட்டர் பாலடினோட டிஸ்பெல். ஒரிஜினலில் அவரோட லெவலுக்கு இரட்டிப்பா வேலை செய்யும். டெம்பிள் மாவட்டத்துச் சாக்கடையில கெல்டார்னைச் சேர்த்துக்கிட்டா பாதி கேம் முடிஞ்சதுன்னு சொல்வாங்க. அதை ஒன்றரை மடங்காக் குறைக்க ஒரு ஆப்ஷன் உண்டு. ரெண்டுமே உங்க விருப்பம்தான். என்னைக் கேட்டா, முதல் தடவை விளையாடுறவங்க ரெண்டையும் போட வேண்டாம். கெல்டார்னை முழு பலத்தோட வச்சுக்கோங்க, வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இதுவரைக்கும் நாம அடிக்கிறதைப் பத்திப் பேசினோம். அவங்க அடிக்கிறது? இன்விசிபிளா வந்து நம்ம மந்திரவாதியைத் தேடிக் குத்துற திருடன் இந்த மோடில் ரொம்ப சகஜம். அதனால உங்க மந்திரவாதி காலையில எழுந்ததும் ஸ்டோன்ஸ்கின் போட்டுட்டுத்தான் மத்த வேலை. 12 மணி நேரம் நிக்கும், தயங்கவே வேண்டாம். சம்மன் பண்ணி ஒரு படையை முன்னால நிறுத்துறது ஒரிஜினலில் எல்லாச் சண்டைக்கும் மருந்தா இருந்தது. இங்கே அவன் டெத் ஸ்பெல் போட்டா மொத்தப் படையும் ஒரே நொடியில காலி. ஆனா அதிலயும் ஒரு லாபம் இருக்கு: ஒரு சின்ன சம்மனுக்காக அவன் ஒரு ஆறாம் லெவல் ஸ்பெல்லையும் ஒரு ரவுண்டையும் செலவழிச்சிருக்கான். நான் அதுக்காகவே ரெண்டு எலும்புக்கூட்டை முன்னாடி அனுப்புவேன். தூண்டில் புழு மாதிரி.

சண்டைக்கு முன்னாடி பத்து ஸ்பெல், நாலு போஷன்னு ஏத்திக்கிட்டுப் போற பழக்கமும் இங்கே ஆபத்து. அவனோட ரிமூவ் மேஜிக் எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடும். கணக்கு இப்படி: ரெண்டு பேரும் ஒரே லெவல்னா 50 சதவீத வாய்ப்பு. போடுறவன் மேல் லெவல்னா ஒவ்வொரு லெவலுக்கும் 5 கூடும், கீழ் லெவல்னா ஒவ்வொண்ணுக்கும் 10 குறையும். உங்களைவிட நாலு லெவல் மேல இருக்கிறவன் போட்டா 70 சதவீதம். அப்போ உங்க விலை உயர்ந்த போஷனைச் சண்டை தொடங்கறதுக்கு முன்னாடியே குடிக்கிறதைவிட, அவன் ரிமூவ் மேஜிக்கைப் போட்டு முடிச்ச அடுத்த ரவுண்டில் குடிக்கிறது புத்திசாலித்தனம்.

மந்திரவாதி இல்லாத எதிரிகளும் இருக்காங்க, அங்கே பாடம் சுருக்கம். மைண்ட் ஃபிளேயர் ஒவ்வொரு அடிக்கும் 5 இன்டெலிஜென்ஸை உறிஞ்சும், பூஜ்யம் ஆனா மரணம். நம்ம மின்ஸ்கோட இன்டெலிஜென்ஸ் 8. ரெண்டே அடி. வீரம் இருக்கட்டும், அவரைப் பின்னாடி வில்லோட நிறுத்துங்க. எல்லாருக்கும் கேயாட்டிக் கமாண்ட்ஸ் போட்டுட்டு உள்ளே போங்க, இல்லைன்னா அது தூரத்திலிருந்தே உங்களை மரத்துப்போக வச்சுட்டு, அப்புறம் வந்து சாவகாசமா மூளையைச் சாப்பிடும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? சேவ் பண்ணி ரீலோட் பண்ணிக்கலாமேன்னு கேட்பீங்க. பண்ணலாம். ஆனா இந்தக் கேமில் சில இழப்புகளை ரெய்ஸ் டெட் கூடத் திருப்பித் தராது. அளவுக்கு மீறின அடி விழுந்தா ஆள் துண்டு துண்டாச் சிதறிடுவான், அவனை எழுப்பவே முடியாது. இம்ப்ரிசன்மெண்ட் ஒன்பதாம் லெவல் ஸ்பெல். பட்டவர் பூமிக்குள்ள போயிடுவார், அதே இடத்துக்கு வந்து ஃப்ரீடம் போட்டாத்தான் மீள்வார். கதாநாயகன் மேல பட்டா கேமே முடிஞ்சது. டாக்ஸ் மாவட்டத்தில் தூங்குற காங்காக்ஸை எழுப்பினவங்களுக்கு நான் சொல்றது புரியும். அதுக்கு பெர்ஸர்க்கரோட ஆவேசம் நல்ல பதில். அந்த ஒரு நிமிஷத்துக்கு இம்ப்ரிசன்மெண்ட் அவர்கிட்ட பலிக்காது. காப்பர் கோரோநெட்டில் இருக்கிற கோர்கன் பெர்ஸர்க்கர்தான். வாய் கொஞ்சம் மோசம், ஆனா இந்த மாதிரி நேரத்துக்கு அவரைவிட்டா ஆள் இல்லை.

கடைசியா, எப்பவும் நடக்கிற சண்டை ஒண்ணு. "நான் உள்ளே நுழைஞ்ச நொடியே அவன் மேல அஞ்சு கவசம் ஏறுது, இது ஏமாத்து வேலை இல்லையா?" எனக்கு அப்படித் தோணலை. ஸ்டோன்ஸ்கின் மாதிரி நீண்ட நேரம் நிக்கிற ஸ்பெல்லை எந்த மந்திரவாதியும் காலையிலயே போட்டிருப்பான், நீங்களும் அதைத்தானே செய்யறீங்க? கன்டிஞ்சன்சி, ஸ்பெல் டிரிகர் எல்லாம் முன்கூட்டியே கட்டி வச்சு ஒரு நொடியில அவிழ்க்கிறதுக்குன்னே விதியில இருக்கிற ஸ்பெல்கள். உங்க புத்தகத்திலயும் அதே பக்கம் இருக்கு, நீங்க எழுதி வைக்கலை, அவ்வளவுதான். ஆனா குறைஞ்ச நேரம் நிக்கிற ஸ்பெல்லையும் சண்டை ஆரம்பத்திலேயே சேர்த்து ஏத்திக்கிற ஆப்ஷன் எனக்கும் பிடிக்காது. யாரோ கதவைத் தட்டப் போறாங்கன்னு 24 விநாடிக்கு முன்னாடியே அவனுக்கு யார் சொன்னா? இது எவ்வளவு இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ண வழி இருக்கு. அந்த செட்டிங்கை மட்டும் படிச்சுப் பார்த்து, குறைச்சு வைங்க.

முதல் தடவைன்னா என் பரிந்துரை இது: ஸ்மார்ட்டர் மேஜஸ், ஸ்மார்ட்டர் பிரீஸ்ட்ஸ், பெட்டர் கால்ஸ் ஃபார் ஹெல்ப், இந்த மூணு மட்டும் போதும். டிராகனும் பிஹோல்டரும் ஒரிஜினல் மாதிரியே இருக்கட்டும். ஒரு முறை கதையை முடிச்சுட்டு அதுங்களையும் சேர்த்துக்கலாம். கேம் தொடங்கினதும் ஆட்டோபாஸ் செட்டிங்கில் 'எதிரி தெரிந்தால் நிறுத்து'ங்கிறதை ஆன் பண்ணிடுங்க.

மென்கார் கும்பலை லெவல் 9 ஆகுறதுக்கு முன்னாடி யாராவது ஆள் இழப்பில்லாம முடிச்சிருந்தா, யார் யார் பார்ட்டியில இருந்தாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். வரட்டுமா மக்களே.